இரண்டாவது வளைவு

அந்த மின்னஞ்சலை மூன்றாவது முறை படிக்கும்போதுதான் அது தனக்கு வந்ததல்ல என்பது மரிய ஆல்பர்ட்டுக்கு உறைத்தது. முதல் இரண்டு முறையும், தான் வருஷக்கணக்காகக் காத்திருந்தது ஒருவழியாக வந்துவிட்டதென்றே நினைத்துப் படித்தான்.

அரியலூருக்குப் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் அவன் இயற்பியல் ஆசிரியர். சொந்த ஊர் ஏலாக்குறிச்சி. வயது முப்பத்தொன்பது. அன்று திங்கட்கிழமை. காலைப் பிரார்த்தனை முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவன் ஆய்வக ஜன்னலோரம் நின்று செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அரியலூர் இயற்பியல் அவர்களுக்கு" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்திருந்தது. எழுதியவர் நெதர்லாந்தில் ஒரு பேராசிரியர். "ஏப்ரல் மாதம் நீங்கள் குறித்து வைத்த படத்தைப் பெரிய தொலைநோக்கியால் மறுபடியும் பார்த்தோம். நீங்கள் சொன்னது சரி. வெளியே மங்கலாகத் தெரிகிற இரண்டாவது வளைவு உண்மையானது. கணினி அதைத் தவறவிட்டிருந்தது. நாங்களும் தவறவிட்டிருப்போம். எங்கள் கட்டுரையில் உங்கள் பெயரைச் சேர்க்க ஆசைப்படுகிறோம். முழுப்பெயரை இரண்டு வாரத்துக்குள் எழுதுங்கள்."

விஷயம் இதுதான். எடையுள்ள எதுவும் தன்னைச் சுற்றியுள்ள வெளியை வளைக்கிறது. அந்த வழியாக வரும் ஒளியும் வளைந்தே வருகிறது. ஒரு விண்மீன் மண்டலத்துக்கு நேர் பின்னால் இன்னொரு மண்டலம் இருந்தால், பின்னால் இருப்பதன் வெளிச்சம் முன்னால் இருப்பதைச் சுற்றிக்கொண்டு வில்லைப் போல, சில சமயம் முழு வளையமாகவே, நமக்குத் தெரியும். அந்த வளைவை அளந்தால் முன்னால் நிற்பதன் எடையைக் கணக்கிடலாம். கணக்கிட்டால், கண்ணில் படுகிற நட்சத்திரங்களின் எடை போதவே போதாது. மிச்ச எடை எதனுடையது? கரும்பொருள் என்று பெயர் மட்டும் வைத்திருக்கிறார்கள். அது எதனால் ஆனது என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

ஒரே மண்டலத்துக்குப் பின்னால், வேறு வேறு தூரத்தில், இரண்டு மண்டலங்கள் வரிசையாக நின்றுவிட்டால் வளைவும் இரண்டாகும். அப்படி அமைவது மிக அபூர்வம். அமைந்தால், பிரபஞ்சம் எப்படி விரிந்துகொண்டு வந்திருக்கிறது என்பதையே அதை வைத்துச் சோதிக்கலாம். விரிவை விரட்டுகிற இருள் ஆற்றல் நாளாக நாளாகத் தளர்ந்து வருகிறதோ என்று உலகமெங்கும் பேச்சு கிளம்பியிருந்த நேரம் அது.

தொலைநோக்கிகள் லட்சக்கணக்கில் படம் எடுத்துத் தள்ளுகின்றன. எல்லாவற்றையும் பார்க்க ஆள் கிடையாது. அதனால் ஓர் இணையதளத்தில் போட்டு, யார் வேண்டுமானாலும் பார்த்துச் சொல்லலாம் என்று விட்டிருந்தார்கள். வளைவு இருக்கிறதா, இல்லையா? ஒரு படத்தைப் பலர் பார்ப்பார்கள். ஆல்பர்ட் இரண்டு வருஷமாகப் பார்த்து வந்தான். எண்ணாயிரம் படத்துக்குமேல் ஆகியிருந்தது. ஆனால் அவன் கணக்கு வேறு. அது அவன் பேரிலேயே இருந்தது. 'அரியலூர் இயற்பியல்' என்ற கணக்கு ஜெயசித்ராவுடையது.

ஜெயசித்ரா ஆய்வக உதவியாளர். அவனைவிட நான்கு வயது மூத்தவள். கல்யாணத்துக்கு முன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் எட்டு வருஷம் செக்கிங் பிரிவில் வேலை பார்த்தவள். பத்தாம் வகுப்புத் தகுதிக்கு நடந்த தேர்வு எழுதி இந்த வேலைக்கு வந்தாள். பெரம்பலூரை அடுத்த குரும்பலூரிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருவாள். போன மார்ச்சில் ஒருநாள், "பஸ்ஸுல ஒரு மணி நேரம் சும்மாதான் சார் ஒக்காந்து வரேன். நீங்க பாக்குறதை நானும் பாக்கலாமா?" என்று கேட்டாள். அவனுக்குச் சிரிப்பாக இருந்தது. அவளுக்கு மின்னஞ்சல் பழக்கம் இல்லாததால் தன்னிடமிருந்த இன்னொரு முகவரியைக் கொடுத்து, வாயில் வந்த பெயரைப் போட்டு, அவள் போனிலேயே பதிந்து கொடுத்தான். அதோடு மறந்தும் போனான்.

ஏப்ரலில் ஒருநாள் அவள் போனை நீட்டியதும் இப்போது ஞாபகம் வந்தது. "சார், இதுல ரெண்டு வளைவு இருக்குற மாதிரி தெரியுது. வெளிய ஒண்ணு, லேசா."

அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செய்முறைத் தேர்வு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தான். "அது டெலஸ்கோப்பு கோளாறும்மா. அப்படி நிறைய வரும், விடுங்க."

அவள் விடவில்லை போலிருக்கிறது. மின்னஞ்சலின் கடைசியில் அவள் படத்துக்குக் கீழே எழுதியிருந்த குறிப்பையும் சேர்த்திருந்தார்கள். ஆங்கில எழுத்தில் தமிழ். தங்கள் குழுவில் படிக்கும் இலங்கைத் தமிழ் மாணவி மொழிபெயர்த்துக் கொடுத்ததாகப் பேராசிரியர் எழுதியிருந்தார். "வெளிய இன்னொரு கோடு இருக்கு. நூல் பிரிஞ்ச மாதிரி."

அன்று முதல் பீரியடில் அவன் என்ன நடத்தினான் என்று அவனுக்கே தெரியாது.

ஆல்பர்ட்டுக்கு ஒரு பழைய கதை உண்டு. பெங்களூரில் ஒரு நல்ல நிறுவனத்தில் ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்து இரண்டு வருஷம் படித்தான். ஆசிரியர் வேலைக்கு உத்தரவு வந்தது, விட்டுவிட்டு வந்தான். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அப்போது அதுதான் புத்திசாலித்தனமாகப் பட்டது. ஆனால் கூடப் படித்தவர்களின் பெயர் கட்டுரைகளில் வரும்போதெல்லாம் தேடிப் படித்து, எத்தனையாவது பெயராக இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பான். ஈர்ப்பு அலையைப் பிடித்தார்கள், கருந்துளையின் நிழலைப் படமெடுத்தார்கள். ஒவ்வொரு சேதி வரும்போதும் அரியலூரில் அதை விளக்க அவன் ஒருவன்தான். ஆசிரியர் அறையில் அவனுக்குப் 'பிரபஞ்சம் சார்' என்று பெயர். கேலிதான். ஆனாலும் அந்தப் பெயர் அவனுக்குப் பிடித்திருந்தது. இந்த ஜில்லாவில் வானம் தனக்கு மட்டும் பட்டா போட்டது என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருந்தான் என்பது அன்றைக்குத்தான் அவனுக்கே தெரிந்தது.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் மடிக்கணினியை எடுத்தான். மின்னஞ்சலில் இருந்த படத்தின் எண்ணைத் தன் பழைய பட்டியலில் தேடினான். ஏன் தேடினான் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பல்லில் வலிக்கிற இடத்தை நாக்கு தேடிப் போகிற மாதிரி போனான்.

இருந்தது. அதே படம். அவள் பார்ப்பதற்கு மூன்று வாரத்துக்கு முன்பே அவனுக்கு வந்திருந்தது. பக்கத்தில் அவன் போட்ட பதில்: இல்லை.

படத்தைப் பெரிதாக்கினான். நடுவில் மஞ்சளாக ஒரு மண்டலம். அதை ஒட்டி ஒரு நீல வளைவு, அதுவே அரைகுறை. அதற்கும் வெளியே, கறுப்போடு கறுப்பாக, மயிரிழைபோல ஒரு கீற்று. இருக்கிறது என்று தெரிந்த பிறகு அதைப் பார்க்காமல் இருக்கவே முடியவில்லை.

ஆய்வகத்தின் மறுகோடியில் ஜெயசித்ரா சோடியம் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணைப் பார்த்தான். சாதாரணக் கண்தான். மை கூட இல்லை. அந்தக் கண்மேல் அவனுக்கு வந்த கோபம் அவனையே திடுக்கிட வைத்தது.

அவளிடம் சொல்லவில்லை. அன்று சொல்ல வாய்க்கவில்லை என்று தனக்குச் சமாதானம் சொன்னான். மறுநாளும் வாய்க்கவில்லை. புதன்கிழமை அவள் போனை எடுத்தபோது, "வேலை நேரத்துல என்னம்மா போனு? பேட்டரி ரூம் எப்படிக் கெடக்கு பாருங்க" என்று பிள்ளைகள் எதிரிலேயே சொன்னான். அவள் போனைப் பைக்குள் வைத்துவிட்டு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போனாள். வியாழக்கிழமை ஒரு லென்ஸ் கீறியிருந்தது. யார் செய்ததென்று தெரியாமலே அவளைக் கேட்டான்.

அடுத்த வாரம் ஒருநாள், சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவளே கேட்டாள். "சார், அந்த ரெண்டு வளைவு படம் ஒண்ணு அனுப்புனேனே, அதுக்குப் பதில் ஏதாச்சும் வந்துச்சா?"

"இல்லையேம்மா" என்றான். சொல்லிவிட்டு, "அதெல்லாம் லட்சக்கணக்குல வரும், யாரு பாக்கப் போறா?" என்றும் சேர்த்துக்கொண்டான்.

"அதுவும் சரிதாங்க சார்" என்று அவள் போய்விட்டாள்.

பொய் சொன்ன பிறகு அவனுக்கு எல்லாம் சுலபமாகிவிட்டது. கணக்கைத் தொடங்கியவன் யார்? அவன். முகவரி யாருடையது? அவனுடையது. வளைவு என்றால் என்னவென்று அவளுக்குச் சொன்னது யார்? கணக்கின் பெயரிலேயே இயற்பியல் இருக்கிறது. பள்ளியில் இயற்பியலுக்கு அவனைவிட்டால் ஆள் யார்? இப்படி ஒவ்வொன்றாக அடுக்கினான். பதினோராம் நாள் மதிய இடைவேளையில், ஆசிரியர் அறையில் எல்லாரும் மாவட்ட விளையாட்டுப் போட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, ஒற்றை வரியில் பதில் எழுதினான். "என் பெயர் மரிய ஆல்பர்ட். மகிழ்ச்சியுடன் சம்மதிக்கிறேன்." அனுப்பினான். தயங்கவில்லை. அது அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. பேராசிரியருக்கு அப்படியொரு சந்தோஷம். வெள்ளிக்கிழமை வீடியோவில் பேசலாமா என்று கேட்டிருந்தார். இந்திய நேரம் மூன்றரை. பள்ளியில் நல்ல இணைய வசதி ஆய்வகத்தில்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியத்துக்குமேல் ஜெயசித்ராவை மேல்மாடி சாமான் அறைக்கு அனுப்பிவிட்டு மடிக்கணினியைத் திறந்தான். இஸ்திரி போட்ட சட்டை. பேராசிரியர் நரைத்த தலையோடு ஒரு பெண்மணி. பக்கத்தில் அந்த மாணவி. திரையின் ஒரு பாதியில் புதிய படம், பெரிய தொலைநோக்கி எடுத்தது. உள்ளே ஒரு வளைவு, வெளியே ஒரு வளைவு. இரண்டும் பளிச்சென்று இருந்தன. முன்னால் இருப்பது ஐந்நூறு கோடி ஒளியாண்டு, பின்னால் இருப்பவை அதற்கும் அப்பால் என்று பேராசிரியர் விளக்கினார். அவன் தயார் செய்து வைத்திருந்த இரண்டு கேள்விகளைக் கேட்டான். அவர் அதை ரசித்தார். "நீங்கள் ஆராய்ச்சியில் இருந்திருக்க வேண்டியவர், ஆல்பர்ட்" என்றார். இத்தனை வருஷமாக அவன் கேட்கக் காத்திருந்த வாக்கியம் அது. கேட்டதும் உடம்பு சிலிர்த்தது.

அப்போது மாணவி தமிழில் பேசினாள். "அண்ணா, ஒண்டு கேக்கட்டே? நீங்கள் எழுதின குறிப்பை நான்தான் மொழிபெயர்த்தனான். 'வெளிய இன்னொரு கோடு இருக்கு, நூல் பிரிஞ்ச மாதிரி' எண்டு. எனக்கு அது சரியாப் பிடிச்சது. ஏன் உங்களுக்கு அப்பிடித் தோன்றினது?"

"அது வந்து…" என்றான். நூல் எப்படிப் பிரியும் என்று அவனுக்குத் தெரியாது.

"அது நான் எழுதுனதாச்சே சார்."

திரும்பினான். ஜெயசித்ரா கதவருகே நின்றாள். கையில், மின்தடை அளக்கும் மீட்டர் சமனச்சுற்றுப் பலகைகள் இரண்டு. எப்போது இறங்கி வந்தாள் என்று தெரியவில்லை. அவள் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. தெரியாத ஊரில் தெரிந்த முகத்தைப் பார்த்தவள்போலச் சொன்னாள். பிறகு திரையைப் பார்த்தாள். "ஐயோ, நம்ம படமா இது? இவ்வளவு நல்லாத் தெரியுதே!"

திரையில் மாணவி தலையைச் சாய்த்து, "ஆரது அண்ணா?" என்றாள்.

ஒரு நொடி இருந்தது. எங்கள் உதவியாளர், நான் சொல்லச் சொல்ல எழுதினார் என்று சொல்லியிருக்கலாம். அந்த வாக்கியம் ஆங்கிலத்தில் அவன் நாக்கில் முழுதாக வந்து நின்றது. அதை ஏன் சொல்லாமல் விட்டான் என்பது அவனுக்குப் பிறகும் விளங்கவில்லை. மனசாட்சியா, மாணவி காதில் விழுந்துவிட்டது என்ற பயமா? தன்னை நல்லவனாக நினைத்துக்கொள்ளும் நாட்களில் முதலாவது என்பான். மற்ற நாட்களில் இரண்டாவது.

"இவங்கதான் எழுதுனாங்க. இவங்கதான் பார்த்தாங்க. நான் இல்லை" என்று தமிழில் சொல்லி, பேராசிரியருக்கு ஆங்கிலத்திலும் சொன்னான். நாற்காலியை விட்டு எழுந்தான். "ஒக்காருங்கம்மா."

அதற்குப் பிறகு நடந்ததுதான் அவனுக்குப் பெரிய அடி. மொழிபெயர்க்கவாவது தன் உதவி வேண்டியிருக்கும் என்று நினைத்தான். வேண்டியிருக்கவில்லை. மாணவி நேராகவே அவளிடம் பேசினாள்.

"செக்கிங்ல மொதல்ல ஓரத்தைத்தாங்க பாக்கணும்" என்று ஜெயசித்ரா சொல்லிக்கொண்டிருந்தாள். "நடுவுல ஓட்டை இருந்தா யாரு வேணா கண்டுபுடிச்சுருவாங்க. நூல் பிரியறது ஓரத்துலதான் ஆரம்பிக்கும். எனக்கு எதைப் பாத்தாலும் கண்ணு அங்கதான் போவும். அதான்." மாணவி அதை டச்சு மொழியில் சொன்னாள். பேராசிரியர் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவன் பேசும்போது அவர் அப்படிக் கை வைக்கவில்லை. ஆல்பர்ட் அதைக் கவனித்தான். கவனித்ததற்காகத் தன்னை வெறுத்தான்.

பேசி முடித்து மடிக்கணினியை மூடியதும் அவள் கேட்டாள். "எப்ப சார் வந்துச்சு மெயிலு?"

"ரெண்டு வாரம் ஆவப்போவுது."

"நான் அன்னைக்குக் கேட்டனே சார்."

அவள் பலகைகளை அலமாரியில் அடுக்கிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, பஸ்ஸுக்குப் போனாள்.

திங்கட்கிழமை தலைமையாசிரியர் ராஜதுரை பிரார்த்தனைக் கூட்டத்தில் எல்லாப் பிள்ளைகளையும் கைதட்டச் சொன்னார். ஜெயசித்ரா கூச்சத்தோடு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். "நம்ம ஆல்பர்ட் சாருடைய வழிகாட்டுதல்ல…" என்று தலைமையாசிரியர் சொன்னபோது அவள் மறுத்துப் பேசவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அந்த வார்த்தை அவனுக்கு இனித்தது. இனித்ததை நினைத்து அவனுக்கே கேவலமாக இருந்தது. அந்த வாரம் முழுக்கப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இடைவேளைதோறும் அவளைச் சூழ்ந்துகொண்டு படம் காட்டச் சொன்னார்கள். அவன் மேசைக்கு வழக்கமாகக் கருந்துளை, காலப்பயணம் என்று கேள்வியோடு வரும் மூன்று பெண்பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். ஒருநாள் அவள் அந்தப் பிள்ளைகளிடம், "கரும்பொருள்னா என்னன்னு சார்கிட்ட கேளுங்க, எனக்குத் தெரியாது" என்று அனுப்பி வைத்தாள். அவன் அவர்களிடம், "யாருக்கும் தெரியாது, போங்க" என்று எரிந்து விழுந்தான்.

சனிக்கிழமை காலை மனைவி ஆனி ரோஸ் கேட்டாள். அவள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். "பத்து நாளா மூஞ்சி இப்படி இருக்கு. ஒடம்புக்கா, வேற எதுக்காவதா?"

எல்லாவற்றையும் சொன்னான். தன் பெயரை எழுதி அனுப்பியது உட்பட. அவள் இட்லித் தட்டிலிருந்து இட்லிகளை எடுத்தபடியே கேட்டாள். கடைசியில், "நாளைக்குப் பூசைக்கு முன்னாடி கோயில்ல சாமியார்கிட்ட எல்லாத்தையும் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிரலாம்னு இருக்கேன்" என்றான்.

"சாமியார்கிட்ட நீங்க திருடலையே" என்றாள் ஆனி ரோஸ். "யார்கிட்ட எடுத்தீங்களோ அந்தம்மாகிட்ட மொதல்ல சொல்லுங்க. பேரு எழுதி அனுப்புனது அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுன்னு நெனைக்கிறேன்."

"அப்ப அதையும்தான்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அரியலூர் வந்து, பெரம்பலூர் பஸ் ஏறி, அங்கிருந்து குரும்பலூருக்கு மாறினான். ஜெயசித்ராவின் வீடு கடைவீதிக்குப் பின்னால் இருந்தது. அவள் கணவர் ராசாங்கம் மினி லாரியைக் கழுவிக்கொண்டிருந்தார். "வாங்க சார், வூட்டுக்குள்ள வாங்க. அவ பின்னாடி இருக்கா" என்று குழாயை நிறுத்தினார். கொல்லையில் சின்ன வெங்காயத்தைக் குவித்துப் போட்டு ஜெயசித்ரா அதன் காய்ந்த தாளை அரிந்துகொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் எழுந்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அவன் உட்காரவில்லை. "உங்க பேருக்குப் பதிலா என் பேரை எழுதி அனுப்பிட்டேம்மா. அன்னைக்கு நீங்க வரலன்னா அப்படியே போயிருக்கும். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"தெரியும் சார்" என்றாள். "அந்தப் பெரியம்மா ஆல்பர்ட்டு ஆல்பர்ட்டுன்னு கூப்பிட்டப்பவே வெளங்கிருச்சு."

"ஒண்ணும் கேக்கலையே நீங்க?"

"என்னன்னு கேக்குறது?" அரிவாள்மணையைத் தள்ளி வைத்தாள். "பேரு என்ன சார், எழுதுனா எழுதிட்டுப் போறாங்க. பதில் வரலன்னு சொன்னீங்கள்ல, அதுதான் எனக்கு ஆறல. அன்னைக்குப் பஸ்ஸுல போகும்போது நெனைச்சேன், நமக்கு எதுக்கு இந்த வேலை, ஒழுங்காப் படிச்சவங்க பாக்குறதை நாம பாத்து என்ன ஆவப்போவுதுன்னு. போன்ல அந்த சைட்டை அழிச்சே போட்டுட்டேன். அந்த வீடியோ நாள் வரைக்கும் பாக்கவே இல்ல."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். "எனக்குப் பொறாமைம்மா" என்றான். வேறு வார்த்தை இல்லை. "அந்தப் படம் எனக்கும் வந்துச்சு. உங்களுக்கு முன்னாடியே. இல்லைன்னு போட்டுட்டேன். இப்பவும் உங்களைப் பாத்தா எரியுது. போகலை."

ஜெயசித்ரா அவனைப் பார்த்தாள். அவள் முகம் இளகவும் இல்லை, இறுகவும் இல்லை. உள்ளே போய் ஒரு சொம்பில் மோரும் தன் செல்போனும் கொண்டு வந்தாள்.

"எனக்கு ஒரு காரியம் பண்ணிக் கொடுங்க சார். என் பேருல மெயிலு ஒண்ணு தொறக்கணும். அந்தப் பொண்ணு எனக்கு நேரா எழுதுறேன்னு சொல்லுச்சு. கட்டுரையில ஊர் பேரு குரும்பலூர்னு போடச் சொல்லி நானே எழுதணும்."

அவன் மோரைக் குடித்துவிட்டு ஒவ்வொரு படியாகச் சொல்லிக் கொடுத்தான். பெயர், பிறந்த தேதி, முகவரி. அவள் ஒற்றை விரலால் தட்டினாள். கடைசியில் கடவுச்சொல் கேட்டது.

"எட்டு எழுத்துக்குக் கொறையாம இருக்கணும்மா. நடுவுல ஒரு எண்ணும் வரணும். என்ன போடலாம்னா…"

"நானே போட்டுக்குறேன் சார்" என்றாள். "நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கங்க."

திரும்பிக்கொண்டான். எதிரே வேலிக்கப்பால் யாருடையதோ மக்காச்சோளக் கொல்லை, வெயிலில் அசையாமல் நின்றது. முதுகுக்குப் பின்னால் அவள் ஒவ்வோர் எழுத்தாக யோசித்து யோசித்துத் தட்டும் சத்தம் கேட்டது. அந்த முகவரிக்கு இனி என்னென்ன வரப்போகிறதோ, முதலில் அவள்தான் படிப்பாள். காது மடல் சூடேறியது. இருந்தும், அவள் சொல்லும் வரை அவன் திரும்பவில்லை.